ஸ்பென்சர் பிளாசா: ‘வீழ்ச்சி’ என்னும் கதையாடல் குறித்துச் சில குறிப்புகள்

சென்னை அண்ணா சாலையிலிருக்கும் ஸ்பென்சர் பிளாசாவுக்கு நாளிதழ்கள் அவ்வப்போது இரங்கல் எழுதுகின்றன. கட்டிடம் நின்றுகொண்டிருக்கிறது, கடைகள் திறந்திருக்கின்றன, ஆனாலும் இரங்கல். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எல்லாம் ஒரே வார்ப்பு என்பது புலப்படும். 1863-64இல் சார்லஸ் டூரண்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இருவர் மவுண்ட் ரோட்டில் கடை போட்டது பிறப்பு. 1895இல் இந்தோ-சாரசெனிக் மாளிகைக்குக் குடியேறியது யௌவனம். 1983 தீ விபத்து சாவு. 1991இல் அதே மனையில் கான்கிரீட் வளாகமாக எழுந்தது மறுபிறவி. புது மால்கள் வந்த பிறகு வந்தது மூப்பு. கடைசிப் பத்தியில் ‘பழைய பொலிவை மீட்க வேண்டும்’, ‘மறுசீரமைப்பு தேவை’ என்று ஒரு விண்ணப்பம். ஒரு கம்பெனியின் சரித்திரம் ஒரு மனித உடம்பின் சரித்திரம்போலச் சொல்லப்படும் இடத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. உடம்புக்கு மூப்பு இயற்கை. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒரு கட்டிடம் யாருக்குக் கிழடாகிப் போனது, யாருக்கு இப்போதுதான் வயசுக்கு வந்திருக்கிறது என்ற கேள்வியை இந்த உருவகம் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

நான் உத்திரமேரூர்க்காரன். மெட்ராஸிலிருந்து 90 கிலோமீட்டர் சுமாருக்கு உள்ள ஊர். இன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம், 1997க்கு முன்னால் செங்கல்பட்டு மாவட்டம். இந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஸ்பென்சரின் கதை தலைகீழாகத் தெரிகிறது. அது ‘விழுந்தது’ என்று சொல்லப்படும் காலமும், எங்கள் பக்கத்து ஜனங்கள் கூச்சப்படாமல் அதற்குள் நுழைய ஆரம்பித்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். இது தற்செயல் அல்ல என்பதே இங்கே என் வாதம்.

முதலில் அந்தப் பழைய கடை. 1882இல் ஸ்பென்சர் நிறுவனம் யூஜின் ஓக்ஷாட் என்பவர் கைக்கு வந்தது. டபிள்யூ.என். போக்சன் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்துகொடுத்த மாளிகையில் 80க்கும் மேற்பட்ட பிரிவுகளோடு வியாபாரம் நடந்தது. கடை என்று சொன்னாலும் அது ஒரு வலைப்பின்னல். ரயில் நிலைய உணவறைகள், பக்கத்திலேயே கன்னிமரா ஹோட்டல், பெங்களூரில் வெஸ்ட் எண்ட், திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை. நம்மூர் வயலில் விளைந்த புகையிலை நம்மூர்க் கைகளால் சுருட்டப்பட்டு, பெட்டியில் அடைத்து லேபிள் ஒட்டியதும் வேறு பொருளாகிவிடுகிறது. திண்டுக்கல்லில் அதைச் சுருட்டியவர் மவுண்ட் ரோட்டில் அதை வாங்குகிறவராக எதிர்பார்க்கப்பட்டதில்லை. காலனிய வியாபாரத்தின் முழு இலக்கணமும் இந்த ஒரு சுருட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. வாசனையை மட்டும் நாம் வைத்துக்கொள்ளலாம்.

வால்டர் பெஞ்சமின் 1927லிருந்து 1940இல் சாகும்வரை பாரிஸ் நகரத்தின் கண்ணாடிக்கூரை அங்காடிச் சந்துகளைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. தெருவை வீட்டுக்குள் கொண்டுவந்த அமைப்பு அது. வெயிலும் மழையும் சேறும் இல்லாத தெரு. அதிலிருந்து பெரிய பல்துறைக் கடைகள் வந்தன. எமிலி ஜோலா அவற்றைப் பற்றி 1883இல் ஒரு நாவலே எழுதினார். இந்தக் கடைகளின் புரட்சி என்று இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள்: விலைச்சீட்டில் எழுதின விலைதான் விலை, யாரும் உள்ளே வந்து சும்மா பார்த்துவிட்டுப் போகலாம், வாங்கவேண்டிய கட்டாயம் கிடையாது. மெட்ராஸுக்குக் கப்பலேறி வந்தது இவற்றில் முதலாவது. இரண்டாவது வழியில் எங்கோ இறங்கிவிட்டது. ‘நாய்க்கும் இந்தியருக்கும் அனுமதி இல்லை’ என்ற மாதிரிப் பலகையை ஸ்பென்சர் வாசலில் தேடவேண்டிய அவசியமில்லை. வெள்ளைக்காரனும் ஜமீன்தாரும் பெரிய வக்கீலும் ஏறிப்போகிற படிக்கட்டு, மற்றவர்களுக்குத் தானே பேசும்.

விலைச்சீட்டை நாகரிகத்தின் அடையாளம் என்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது பாஷையை வேலைநீக்கம் செய்கிற காகிதம். பேரம் பேச பாஷை வேண்டும். ‘காலங்காத்தால போணி பண்ணுங்கண்ணே’ என்பதற்குள் ஒரு நாளின் ராசி, விற்பவனின் கெஞ்சல், வாங்குபவனுக்குக் கொடுக்கப்படும் ஒரு சின்ன கௌரவம் எல்லாம் இருக்கின்றன. கொசுறு என்ற சொல்லுக்குக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பே கிடையாது. அளந்து, விலைபேசி, பணம் கொடுத்த பிறகு கையில் விழுகிற நாலு கறிவேப்பிலை அது; விற்பனைக்கும் தானத்துக்கும் நடுவில் ஒரு வெளி. இதை ரொம்ப அழகாக்கிவிடவும் நான் தயாராயில்லை. பேரம் என்பது தெரியாதவனை மொட்டையடிக்கிற வித்தையும்தான்.

மொட்டையடிப்பு என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மூர் மார்க்கெட். ஸ்பென்சரைப் பற்றி எழுதுகிற எவரும் மூர் மார்க்கெட்டைச் சேர்த்து எழுதுவதில்லை. சேர்க்காமல் எழுதுவதாலேயே அந்தக் கதை அவ்வளவு ஒழுங்காக முடிகிறது. 1898இல் மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்ட மார்க்கெட். அதுவும் இந்தோ-சாரசெனிக்தான், செங்கல் சிவப்புதான். ஸ்பென்சர் மாளிகைக்குத் தம்பி முறை. ஆனால் அண்ணன் வீட்டுப் படியேறாத ஜனம் எல்லாம் தம்பி வீட்டில்தான்.

உத்திரமேரூரிலிருந்து பட்டணம் பார்க்கக் கிளம்பினால் செங்கல்பட்டுக்குப் பஸ், அங்கிருந்து ரயில், பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல், அதை ஒட்டி மூர் மார்க்கெட். ‘செத்த காலேஜ், உயிர் காலேஜ், மூர் மார்க்கெட்டு, பீச்சு’ என்று பெரியவர்கள் வாய்ப்பாடுபோலச் சொல்வார்கள். மியூசியத்துக்குச் செத்த காலேஜ், மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்று பேர் வைத்த ஜனங்களின் கிண்டலைத் தனியாக ஆராயலாம். அறிவைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கம்பிக்குள்ளும் அடைக்கிற இரண்டு நிறுவனங்களையும் ஒரே சொல்லால் கல்லூரியோடு சேர்த்துக் கட்டியவர்கள் அவர்கள். உயிர் காலேஜ் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில்தான் இருந்தது. இந்த வாய்ப்பாட்டில் ஸ்பென்சர் கிடையாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ‘அதோ பார், ஸ்பென்சர்’ என்று ஜன்னல் வழியாகக் காட்டுவதோடு சரி. அரண்மனையைக் காட்டுகிற தொனி.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், பழைய இசைத்தட்டு, பொம்மை, பாத்திரம், குருவி, கிளி எல்லாம் கிடைத்தன. எடைக்குப் போட்ட புத்தகங்களுக்கு நடுவிலிருந்து அரிய பதிப்புகளைத் தோண்டியெடுத்த கதைகள் தமிழ் எழுத்தாளர்களிடம் ஏராளம். நம் சிறுபத்திரிகை உலகத்தின் வாசிப்பில் கணிசமான பங்கு, எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் கடன்படாமல், இந்தச் சிவப்புக் கட்டிடத்தின் தாழ்வாரங்களுக்குக் கடன்பட்டது. ஏமாந்த கதைகளும் ஏராளம். பட்டிக்காட்டு ஆள் என்று நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனாலும் ஏமாற்றப்படுவதற்காகவாவது அங்கே வரவேற்பு இருந்தது. ஸ்பென்சரில் ஏமாறுவதற்குக்கூட நமக்கு இடம் இல்லை.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் கேட்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தற்செயலா என்ற சந்தேகம் அன்றைக்கே பேசப்பட்டது, இன்றும் பேசப்படுகிறது. அதே 1985இல் உயிர் காலேஜ் வண்டலூரில் புது இடத்தில் திறக்கப்பட்டது. வாய்ப்பாட்டின் நடுப்பகுதி ஒரே வருஷத்தில் அழிந்துபோயிற்று. மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டிடமும் முன்பதிவு அலுவலகமும் வந்தன. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் ஒரு வளாகம்.

இரண்டு வருஷ இடைவெளியில், ஒரே பாணியில் கட்டிய இரண்டு வணிகக் கட்டிடங்கள் எரிகின்றன. ஒன்றுக்கு வாரிசு வந்தது, பேரும் வந்தது. 1863 என்ற தேதியை 1991இன் கான்கிரீட்டோடு கோத்துத் தைக்கிற ஒரு தொடர்ச்சியும் உண்டாக்கப்பட்டது. ‘இந்தியாவின் முதல் மால்’ என்று சொல்லும்போது அந்தத் தையல் கண்ணில் படுவதில்லை. மற்றதற்கு வந்தது ரயில் நிலைய வளாகத்தில் ஒரு சின்ன மாதிரி உருவம், கொலுப்பொம்மை அளவுக்கு. ஏன்? ஸ்பென்சருக்கு மனைக்குச் சொந்தக்காரன் இருந்தான். மூர் மார்க்கெட்டுக்கு வாடகைக்காரர்களும் வாடிக்கைக்காரர்களும் மட்டுமே இருந்தார்கள். பாரம்பரியம் என்ற சொல்லாடலுக்குள் நுழைய ஞாபகம் மட்டும் போதாது, பத்திரமும் வேண்டும்.

*

இனி 1991. நரசிம்மராவ் அரசாங்கம் பொருளாதாரக் கதவைத் திறந்த அதே வருஷம் ஸ்பென்சர் பிளாசாவின் வருஷமாகவும் அமைந்ததை வைத்து நம் நண்பர்கள் பலர் கட்டுரைகள் எழுதியாயிற்று. உலகமயமாதலின் முதல் கோயில், பண்டத்தின் ஆலயம் என்றெல்லாம். மூலஸ்தானம் போன்ற நடுக்கூடம், சுற்றிலும் பிராகாரம், தரிசனம், பிரசாதம். உருவகம் சரளமாக ஓடுகிறது, அதுதான் எனக்குப் பிரச்சினை. கம்பெனியே 1989இல்தான் ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்கு வந்தது. கட்டிடத்தின் திட்டமும் தாராளமயத்துக்கு முந்தையது. அதைவிட முக்கியமான, யாரும் கவனிக்காத ஒரு விஷயம் சொத்துரிமையில் இருக்கிறது.

ஏறக்குறைய 10 ஏக்கர் மனை, 10 லட்சம் சதுர அடிக்கு மேல் கட்டிடம், கட்டங்கட்டமாக எழுந்தது. கட்டியவர்கள் கடைகளைத் தனித்தனியாக விற்றார்கள். போட்ட முதலைச் சீக்கிரம் எடுக்க அன்றைக்கு அதுதான் வழி. ஆக, வெளியிலிருந்து பார்க்க ஒரே கட்டிடம், உள்ளே நூற்றுக்கணக்கான பத்திரங்கள். எந்தக் கடையில் என்ன விற்கவேண்டும், பக்கத்தில் யார் இருக்கவேண்டும், பெயர்ப்பலகை எந்த நிறம் என்றெல்லாம் தீர்மானிக்க ஒரு முதலாளி இல்லை. மேற்கத்திய மாலின் உயிரே அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது. 1956இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சவுத்டேல் மாலை வடிவமைத்த விக்டர் குரூன், வியன்னாவிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி வந்தவர். புறநகரத்துக்கு ஒரு ஊர்ச்சதுக்கத்தை உண்டாக்கித் தருவதாக நம்பினார். பிற்காலத்தில் தன் பிள்ளைகளைத் தானே கைகழுவினார். அவர் கனவு கண்ட சதுக்கத்துக்கும் நிஜமான மாலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: சதுக்கத்துக்கு நிர்வாகி கிடையாது, மாலுக்கு உண்டு.

அண்ணா சாலையில் நடந்தது வேடிக்கை. மால் என்று கட்டினார்கள், சொத்துரிமை அதைக் கடைத்தெருவாக்கிவிட்டது. ஆரம்பத்தில் லேண்ட்மார்க் புத்தகக் கடை மாதிரிப் பெரிய பேர்கள் இருந்தன, ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் காஷ்மீர்ச் சால்வைக் கடைகள், தோல்பை, பித்தளைச் சாமான், மாணிக்கக் கல், பனியன், செல்போன் உறை, செல்போன் பழுதுபார்ப்பு, துணி வாங்கினால் அன்றைக்கே தைத்துத் தரும் தையற்கடை. ஒரு கடையை இரண்டாகத் தடுத்து இரண்டு பேர். வாசலில் நின்று ‘வாங்க சார், உள்ள வந்து பாருங்க’ என்று கூப்பிடும் பையன்கள். விலைச்சீட்டு இருக்கும், ஆனால் அது பேச்சைத் தொடங்கிவைக்கிற முதல் வாக்கியம், அவ்வளவுதான். ஓக்ஷாட் மாளிகையின் சாம்பல்மேல் பேரம் திரும்பி வந்துவிட்டது. எரிந்துபோன மூர் மார்க்கெட் ஸ்பென்சரின் முகவரியில் குடிபுகுந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

எங்கள் ஊர் ஜனங்கள் உள்ளே போனதும் இந்தக் கட்டத்தில்தான். கல்யாணத்துக்குத் துணி எடுக்க தி. நகர் போய், அங்கே நெரிபட்டு, ‘கொஞ்ச நேரம் ஏசி காத்து வாங்கிட்டுப் போலாம்’ என்று ஸ்பென்சர். நகரும் படிக்கட்டு முன்னால் சித்தி ஒருத்தி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்முன் இருக்கிறது. ‘ஏன்டா தம்பி, நாம ஏறணுமா, அது ஏத்திவிடுமா?’ என்றாள். பின்னால் வரிசை கட்டி நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு அதே சந்தேகம். கூடத்துப் படிகளில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மால் பற்றிய கோட்பாட்டு எழுத்துகளில் நுகர்வோர் என்று ஒரு பிராணி வருகிறது. பிம்பங்களில் மயங்கி, தன்னை இழந்து, பொம்மைபோல் நடப்பது. புளிசாதம் கட்டிக்கொண்டு வந்த சித்தியை அந்தச் சட்டகத்துக்குள் என்னால் வைக்க முடியவில்லை. அவள் நாலு மணி நேரம் இருந்தாள், ஒரு ஹேர் கிளிப் வாங்கினாள், அதையும் பாதி விலைக்கு.

*

2006இல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர், 2009இல் ஸ்கைவாக், 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ். இவற்றின் பொருளாதாரம் வேறு. கடையை விற்பதில்லை, வாடகைக்குத்தான். பல இடங்களில் வாடகையோடு விற்பனையிலும் ஒரு பங்கு. கூட்டத்தை இழுக்கும் பெரிய கடையை ஓரத்தில் வைத்து, நடுவில் சின்னக் கடைகளை வரிசைப்படுத்தி, ஓடாத கடையை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடும் அதிகாரம் ஒரே கையில். சுத்தம், வெளிச்சம், வாசனை, பாட்டு, பாதுகாவலர் எல்லாம் அதே கை. ஸ்பென்சர் ஏன் தோற்றது என்பதற்குக் கட்டிட நிபுணர்கள் சொல்லும் விடை சுருக்கமானது: உரிமை சிதறிக்கிடக்கிறது, ஆகவே நிர்வகிக்க முடியவில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஒழுகும் கூரை, வேலை செய்யாத லிஃப்ட், அணைந்த விளக்குகள் எல்லாவற்றுக்கும் அது சரியான காரணம். பராமரிப்புச் செலவை யார் தருவது என்று நூறு பேர் நூறு திசையில் இழுத்தால் சுவரில் காரை உதிரத்தான் செய்யும். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ‘ஆகவே உரிமையை ஒரே கையில் சேர்க்கவேண்டும்’ என்ற முடிவும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மொழி எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ‘துண்டுதுண்டாக் கெடக்கிற நெலம், லாபமில்லாத வெவசாயம், சேர்த்து எடுத்தாத்தான் அபிவிருத்தி’ என்பதை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகள் வந்த நாளிலிருந்து கேட்டுவருகிறோம். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்த பிறகு ஏகனாபுரத்து ஜனங்கள் எதிர்த்துப் போராடினார்களே, அவர்களிடம் கேட்டால் இந்த இலக்கணத்தை நமக்கு வகுப்பெடுப்பார்கள். பட்டா பலபேர் கையில் இருப்பது அபிவிருத்திக்குத் தடை, சரி. யாருடைய அபிவிருத்திக்கு என்பதைத் தடுப்பதும் அதே பட்டாதான். செல்போன் கடைக்காரரையும் சிறு விவசாயியையும் ஒரே தட்டில் வைப்பது கோட்பாட்டுச் சுத்தம் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கடைக்கு உடைமையாளர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர் என்ற சிக்கலும் அங்கே உண்டு. புதுப்பிக்கும்போது உடைமையாளருக்கு ஏதாவது கிடைக்கும். வாடகைக்காரரும் அவரிடம் வேலைசெய்கிற பையனும் எந்தத் திட்டத்தின் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

எக்ஸ்பிரஸ் அவென்யூ நிற்கும் மனையைப் பற்றி ஒரு வார்த்தை. 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப்பின் வளாகம் அங்கே இருந்தது. இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்காத கிளப். பிற்பாடு எக்ஸ்பிரஸ் பத்திரிகை நிறுவனத்துக்கு வந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் பேர்போன பத்திரிகை. அதன்பிறகு மால். மூடின கதவு, அச்சு இயந்திரம், தானாகத் திறந்துகொள்ளும் கண்ணாடிக் கதவு. ஒரே மண்ணில் மூன்று விதமான ‘பொது’. மூன்றாவதை முதலாவதன் எதிர்ப்பதம் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை என்றதும் எல்லாரும் சிலிர்த்துக்கொள்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னார். ஊரில் அன்றைக்கு ஒரே பெருமை. கல்வெட்டைப் படித்தால் தெரியும். குடத்தில் பேர் போட, வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35க்கு மேல் 70க்குக் கீழ் வயது, வேதப் பயிற்சி வேண்டும். சதுர்வேதிமங்கலத்துச் சபையின் ஜனநாயகம். ஏரியில் மண்ணெடுத்தவர்களும் நாற்று நட்டவர்களும் அந்த மண்டபத்தில் இல்லை. ஆனாலும் இந்தக் கல்வெட்டின் ஒரு குணத்தை நான் மதிக்கிறேன்: யார் உள்ளே, யார் வெளியே என்பதை அது எழுதிவைத்திருக்கிறது. கணக்குக் காட்டாத வாரியத்தார் மட்டுமல்ல, அவரது சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன்மார் வரைக்கும் தகுதியில்லை என்று பட்டியல் போடுகிறது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் அந்தச் சுவரோடு நாம் சண்டை போடலாம். கண்ணாடிக் கதவோடு எப்படிச் சண்டை போடுவது? அதில் ஒன்றும் எழுதியில்லை. வாசலில் நிற்பவரின் கண்ணில்தான் எழுதியிருக்கிறது.

2024 ஜூலையில் பெங்களூரில் ஒரு மாலுக்கு மகனோடு படம் பார்க்க வந்த விவசாயியை வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. கர்நாடக அரசு அந்த மாலை ஒரு வாரம் மூடவைத்தது. தமிழ்நாட்டிலும் 2014இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதியையே நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு உடையைக் காரணம் காட்டிக் கிளப்புகளில் தடுக்கக்கூடாது என்று அந்த வருஷமே சட்டம் வந்தது. நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டம் வந்தது. 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கொன்றில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் தடுத்தார்கள். அங்கே இருந்தவர்கள் கேள்வி கேட்டு, காணொளி பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். வேட்டிக்குச் சட்டம் இருக்கிறது. தோலுக்கும் பாசிமணிக்கும் செல்போன் காணொளிதான். எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம். ஊர்க்காரர் ஒருவரோடு ஒரு பெரிய வளாகத்துக்குள் நுழைந்தபோது என் ஜோல்னாப் பையைத் தொடாத காவலாளி, அவருடைய மஞ்சள் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். உள்ளே இருந்தது ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு துண்டும். அந்தக் காவலாளியும் எங்கோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்தான், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரை மஞ்சள் பை பார்க்கும் கண்ணாக மாற்றிவைத்த ஏற்பாட்டின்மேல்தான் கோபம்.

ஸ்பென்சரில் அந்தக் கண் மங்கிவிட்டது. மங்கியதற்குப் பேர்தான் வீழ்ச்சி.

இதனால் ஸ்பென்சரை ஒரு மாற்று வெளி, எதிர்ப்பின் களம் என்றெல்லாம் கொண்டாட நான் வரவில்லை. அப்படிக் கொண்டாடுவது இப்போதெல்லாம் சுலபமாக இருக்கிறது. அடைப்புக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற பையனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். தி. நகர் ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலைசெய்யத் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளின் வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் காட்டியது. எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்த அதே வருஷம். கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021இல். கேரளம் அதை 2018லேயே செய்துவிட்டது. உட்கார ஒரு சட்டம்! பெரிய ஜவுளிக்கடையோ மாலோ பழைய கடைத்தெருவோ, நிற்கவைப்பதில் எல்லாரும் ஒரே ஜாதி. தீயும் அப்படித்தான். 2008இல் ரங்கநாதன் தெருவில் எரிந்த கடைக்குள் சிக்கி ஊழியர்கள் செத்தார்கள், 2017இல் தி. நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்து சரிந்தது. ஸ்பென்சரைப் பாதுகாப்பாகச் சீரமைக்கவேண்டும் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. மின்கம்பி மாற்றட்டும், தீயணைப்புக் குழாய் போடட்டும், லிஃப்டை ஓட்டட்டும். ஒவ்வொரு கட்டிடமும் எரிந்த பிறகே சரித்திரத்துக்குள் வரவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆனால் மறுசீரமைப்புப் பேச்சில் பழைய மாளிகையின் கோபுரங்களைத் திரும்பக் கட்டலாம், முகப்பை 1895 மாதிரி அமைக்கலாம் என்ற ஆசைகள் எழும்போது எனக்கு உதைக்கிறது. பாரம்பரிய ஆர்வலர்களின் ஏக்கத்தை நான் கேலி செய்யவில்லை. நல்ல செங்கல் வேலை யார் கட்டினாலும் நல்ல செங்கல் வேலைதான், கட்டிய கொத்தனார் நம்மாள். முகப்போடு சேர்த்து எதைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. 2019இலிருந்து பக்கத்திலேயே எல்ஐசி மெட்ரோ நிலையம் இருக்கிறது. மனையின் மதிப்பு ஏறியிருக்கிறது, கட்டிடத்தின் மதிப்பு இறங்கியிருக்கிறது. இந்த இடைவெளி அகலமாகும்போதெல்லாம் பாரம்பரியம், பாதுகாப்பு, பொலிவு முதலான நல்ல சொற்கள் நகரத்தில் புழக்கத்துக்கு வரும்.

அல்லிக்குளத்துக்குப் போன மூர் மார்க்கெட் வியாபாரிகளுக்கு இடம் கொடுத்தாயிற்று என்று அரசுக் கோப்பில் முடித்துவிட்டார்கள். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரம் இருக்கிறதே என்று தாழ்வாரத்தில் நடந்துபோன கூட்டத்தை அவர்களுக்கு யாரும் ஒதுக்கித் தரவில்லை. நான் போனபோது பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் பாடப்புத்தகங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வேறெதுவும் இப்போது ஓடாது என்றார். பழைய கதைப் புத்தகம் ஏதாவது இருக்கா என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் அந்தக் கட்டடத்தோட போச்சு சார்’ என்று சொல்லிவிட்டு, மேலே பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கிப் பிரித்துக் காட்டினார். விலை கேட்டேன். ‘நீங்களே சொல்லுங்க’ என்றார்.